காலிப்படக்காரி

என் அக்காவை எங்கள் தெருவில் காலிப்படக்காரி என்றுதான் சொல்வார்கள். அது அவளுக்கும் தெரியும். கோபம் வராது. "காலியா இருக்கிறத எடுக்க எவ்வளவு பாடு படணும்னு இவங்களுக்கு என்ன தெரியும்" என்று முணுமுணுத்துவிட்டு காமிராவை ஊதிக்கொண்டிருப்பாள். வாயால் இல்லை. அதற்கென்று ஒரு ரப்பர் உருண்டை இருக்கிறது. அமுக்கினால் புஸ் புஸ்ஸென்று காற்று வரும். காலையில் கடையைத் திறந்ததும் கேட்கும் முதல் சத்தம் அதுதான்.

கடை பெரிதல்ல. முன்னால் ஒரு கண்ணாடி மேஜை, நடுவில் பெரிய படங்களை அச்சடிக்கும் இயந்திரம், பின்னறையில் நான். படங்களுக்குச் சட்டம் போடுவது என் வேலை. அக்கா எடுப்பாள், நான் சுவரில் மாட்டுகிற மாதிரி ஆக்கித் தருவேன். பல் ஆஸ்பத்திரியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதிரே தொங்கும் வறண்ட ஏரி அவள் எடுத்தது. வக்கீல் ஆபீஸ் படிக்கட்டில் இருக்கிற பாறையும் அவளுடையதுதான். "நல்லா இருக்கே, எங்க இது?" என்று கேட்பார்கள். பதில் வருவதற்குள் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

ஆரம்பத்தில் அவளும் எல்லாரையும் போல முகங்களை எடுத்தவள்தான். பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூட வகுப்புப் படம், நிச்சயம் பேசுவதற்கு முன்னால் அனுப்புகிற படம். ஒரு அம்மாள் தன் பாஸ்போர்ட் படத்தைத் திரும்பத் திரும்ப எடுக்க வைத்து, எதிலும் திருப்தி இல்லாமல், கடைசியில் "இது நான் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்றோடு அக்கா முகங்களுக்கு ஒரு கும்பிடு போட்டாள். "மலை ஒரு நாளும் என் மூக்க ஏன் இப்படி எடுத்தேன்னு சண்டைக்கு வராதுடி" என்றாள். எனக்குத்தான் கவலை. மலை சண்டைக்கும் வராது, கடைக்கும் வராதே!

ஆனால் மலைப் படம் கேட்டு ஆட்கள் வந்தது என்னவோ உண்மை. காலியான படங்களுக்கு இவ்வளவு சுவர்கள் காத்துக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அவள் படத்தில் ஆள் இருக்கக் கூடாது. ஆடு மாடு கூடாது. கம்பி, கம்பம், டயர் தடம் எதுவும் கூடாது. என் கல்யாணத்துக்கு அவளைப் படம் எடுக்கச் சொன்னது நான் செய்த முட்டாள்தனம். அதில் அவள் பெருமையாக எடுத்துக் காட்டுவது ஒரே ஒரு படம், ஆட்கள் வருவதற்கு முன்னால் எடுத்த நாற்காலி வரிசை. மாப்பிள்ளையை எங்கே என்று கேட்டால், "அவர்தான் தினமும் வீட்ல இருக்காரே" என்பாள்.

மணலில் படம் எடுக்கப் போகும்போது அவள் காரில் ஒரு துடைப்பமும் ஏறும். மென்மையான நாருள்ள நீளத் துடைப்பம். மணல் என்பது கண்ணாடி மாதிரி. ஒரு தடவை கால் வைத்தால் வைத்ததுதான், படம் முழுக்க அந்தக் கால்தான் தெரியும். அதனால் தப்பித் தவறி சட்டகத்துக்குள் நடந்துவிட்டால், பின்பக்கமாக நடந்துகொண்டே தன் தடத்தைத் தானே கூட்டி அழிப்பாள். பிறகு கைநிறைய மணலை அள்ளி மேலாகத் தூவுவாள், துடைப்பத்தின் கீறலும் தெரியாமல் இருக்க. நான் ஒரு தடவை கூடப் போய்ப் பார்த்தேன். வீட்டைக் கூட்டச் சொன்னால் முதுகு வலிக்கிறது என்கிறவள், அங்கே பாலைவனத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஆயுள் முழுக்க ஒரே ஒரு ஆசை இருந்தது. சின்ன வயதில் ஏதோ வேலையாகப் பேருந்தில் போனபோது, ஜன்னல் வழியாக ஒரு மணல்மேட்டைப் பார்த்திருக்கிறாள். மேடு என்று சொல்வது நம் வாய்க்கு அடங்குவதற்காக. அது மலை. கல்லே இல்லாத மலை. அதன் ஒரு பக்கம் சாலையைப் பார்த்த மாதிரி வழவழவென்று இறங்கியிருக்கும். வெயில் தாழும்போது நிழல் கீழிருந்து ஏற, உச்சி மட்டும் எரிவது போல நிற்குமாம். பேருந்து போய்விட்டது. அவள் அங்கேயே நின்றுவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதை எடுக்க இரண்டு தடவை போனாள். முதல் தடவை யாரோ வண்டியை ஏற்றி இறக்கி விளையாடியிருந்தார்கள், மேடு முழுக்கச் சக்கரத் தடம். அடுத்த தடவை போனபோது வானமே தெரியாமல் புழுதி. இரண்டு தடவையும் வெறுங்கையோடு வந்தாள். அதற்குப் பிறகு முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் பண்ணிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு மணல், மேடு, மூட்டை தூக்குவது எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள் என்றார். அக்கா தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும், "ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்" என்றாள். இதுதான் கடைசித் தடவை என்பது எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. அதனால் யாராலும் போகாதே என்று சொல்ல முடியவில்லை.

"நானும் வரேன்" என்றேன்.

"நீ வந்தா பேசுவ."

"பேசாம வரேன்."

"நீ பேசாம இருந்தா இன்னும் பயமா இருக்கும். வேணாம்."

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அக்காவின் பழைய காரைக் குனிந்து நிமிர்ந்து பார்த்து, நாலு டயரையும் மாற்றிக் கொடுத்தார். "அக்கா, மணல்ல இறங்குறதுக்கு முன்னாடி டயர்ல காத்த கொறச்சிடுங்க. புதைஞ்சா ஆக்ஸிலேட்டர மிதிக்காதீங்க. மிதிச்சீங்கன்னா அது உங்களோட சேந்து கீழதான் போகும்" என்று பாடம் எடுத்தார். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். தினமும் இருட்டுவதற்குள் ஒரு போன். சிக்னல் இல்லை கிக்னல் இல்லை என்ற கதையெல்லாம் என்னிடம் வேண்டாம். அவளும் சரி என்றாள்.

இனி நான் சொல்வதெல்லாம், அவள் வந்த பிறகு நான் சட்டம் அடித்துக்கொண்டிருக்கையில் பக்கத்தில் உட்கார்ந்து துண்டு துண்டாகச் சொன்னது. கோத்தது நான். என் எரிச்சலும் நடுநடுவே கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர்கள் முதலில் சிறுத்தன, பிறகு கடைகளாகின, பிறகு ஒரு டயர் பஞ்சர் பலகை, அதற்குப் பிறகு அதுவும் இல்லை. சாலை அவ்வளவு நேர். ஸ்டீயரிங்கை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தாளாம். எதிரே தெரிந்த ஒரு கல்மலை மதியம் வரை அதே அளவில் இருந்தது. வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று சந்தேகம் வந்து, ஜன்னலைத் திறந்து கீழே பார்த்துத்தான் நிச்சயப்படுத்திக்கொண்டாள். உப்பு பூத்த ஒரு சமவெளியில் காரை நிறுத்தி இறங்கினாள். தரையும் வானமும் ஒரே வெள்ளை. சத்தம் என்று ஒன்றுமே இல்லை. காதுக்குள் ஏதோ ஓடுகிற மாதிரி இருந்ததாம், கவனித்தால் அது அவள் ரத்தம். "நான் இருக்கிறதே அங்க ஒரு சத்தமா இருந்துச்சுடி" என்றாள். பயந்தியா என்று கேட்டேன். "இல்ல. செருப்பக் கழட்டணும் போல இருந்துச்சு" என்றாள்.

அன்று விடுதியிலிருந்து போன் வந்தது. வாளியில் தண்ணீர் பிடித்தால் அடியில் மணல் தங்குகிறது, தலையணை உறையில் மணல், சோப்பில்கூட மணல் என்று சந்தோஷமாகச் சொன்னாள். காமிராவைத் தலையணை உறைக்குள் கட்டி வைத்திருக்கிறாளாம். மணல் மஞ்சள் என்று யார் சொன்னது என்று என்னிடம் கோபித்துக்கொண்டாள், ஏதோ நான்தான் சொன்ன மாதிரி. விடியும்போது அது சாம்பல், அப்புறம் ரோஜா, நிழலில் ஊதா, உச்சிப் பொழுதில் நிறமே கிடையாதாம். அவள் குரலை அப்படி நான் கேட்டதில்லை. பரிசு வாங்கிய குழந்தை மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் அந்தப் பக்கத்துக் கடைசிப் பெட்ரோல் பங்கில் நிறுத்தினாள். கல்லாவில் இருந்த பெண் இவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"தனியாவா போறீங்க?"

"ஆமா."

"அந்த மேட்டுக்கா? அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதுக்காகத்தான் போறேன்."

அந்தப் பெண் இதற்குச் சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, "பாத்துப் போங்க. வெயில் தாழ்ற நேரத்துல தண்ணி லாரி ஒண்ணு வேலையாளுங்க முகாம்லேந்து திரும்பி வரும். அத விட்டா அந்த ரோட்டுல ஈ காக்கா கிடையாது" என்றாள்.

மேட்டைக் கண்டதும் அக்கா வண்டியை நிறுத்திவிட்டு அழுதாளாம். இதை அவள் என்னிடம் சொன்னபோது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஒரு தடம் இல்லை. புழுதி இல்லை. மேட்டின் முகம் அப்போதுதான் சீவி முடித்த தலை மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் அது அவளுக்காகவே காத்திருந்தது என்று அவளுக்குத் தோன்றியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அவளுக்குக் கொஞ்சம் அப்படித்தான் புத்தி போகும்.

சாலையிலிருந்து இறங்கி, டயரில் காற்றைக் குறைத்து, சின்னச் சின்ன மேடுகளுக்கு நடுவே போகிற வரைக்கும் போய் காரை விட்டாள். போனை காரிலேயே சார்ஜில் போட்டு வைத்தாள். கையில் வைத்திருந்தால் நான் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேனாம். கேனில் தண்ணீர் இருந்தது, தூக்கமுடியவில்லை என்று ஒரு பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டாள். காமிரா, முக்காலி, துடைப்பம். முழங்காலைக் கட்டிக்கொண்டு நடந்தாள்.

பெரிய மேட்டுக்கு எதிரே ஒரு பரந்த மணல்வெளி. அதன் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய் ஒரு சின்ன மேட்டில் முக்காலியை ஊன்றி, காமிராவில் கண்ணை வைத்தாள். பார்த்தால், தான் நடந்து வந்த தடம் முழுக்க படத்துக்குள் கிடக்கிறது. காரிலிருந்து வந்த வழியே ஒரு நீளத் தையல் மாதிரி முன்னால் ஓடுகிறது. வேறு யாராவதாக இருந்தால் இடத்தை மாற்றியிருப்பார்கள். இவள் துடைப்பத்தை எடுத்தாள். வெயிலில் குனிந்து, பின்பக்கமாக நடந்து, லென்ஸின் கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் தன் தடத்தைக் கூட்டினாள். மணலைத் தூவினாள். தண்ணீர் தீர்ந்தது. தூவிக்கொண்டே திரும்பவும் முக்காலிக்கு வந்து சேர்ந்தாள்.

உச்சிப் பொழுதில் காற்று எழுந்தது. பெரிய புயல் எல்லாம் இல்லை. தலையில் துணியைப் போட்டுக்கொண்டு காமிராவை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்று நின்றதும் எழுந்து பார்த்தாள். துடைப்பக் கீறல் ஏதாவது மிச்சம் இருந்திருந்தாலும் அதுவும் இப்போது இல்லை. அவள் கூட்டாமல் விட்ட கொஞ்ச தூரத்தையும் காற்றே கூட்டிவிட்டுப் போயிருந்தது.

"உலகத்த இன்னைக்குத்தான் செஞ்சு முடிச்சு, பெயிண்ட் காயட்டும்னு வச்சிருக்கிற மாதிரி இருந்துச்சுடி" என்றாள். சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாளாம். ஒளி வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் காருக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வரலாம் என்று இறங்கினாள்.

கார் இல்லை.

அதாவது இருந்தது, எங்கோ இருந்தது. எல்லாச் சின்ன மேடுகளும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்றன் பின்னால் ஒன்றாக ஏறிப் பார்த்தாள். இந்த மேட்டுக்குப் பின்னால்தான் என்று போவாள், அங்கே இன்னொரு மேடு இருக்கும். அவள் கால் ஒரு காலத்தில் போட்டிருந்த தடம் ஒன்றுதான் அவளுக்கு வழி, அதை அவளே உட்கார்ந்து அழித்திருக்கிறாள். ஊரில் ஒருத்தருக்கும் வராத கேடு இது. தன் வீட்டு வாசலைத் தானே கூட்டித் தள்ளிவிட்டு வாசலைத் தேடின கதை. நாக்கு ஒட்ட ஆரம்பித்ததும் பெரிய மேட்டை அடையாளமாக வைத்துக்கொண்டு மறுபடி முக்காலிக்கே திரும்பினாள். அங்கே உட்கார்ந்துதான் அவளுக்கு விஷயம் முழுசாக உறைத்தது. தண்ணீர் இல்லை, போன் இல்லை, இந்தக் காலோடு சாலை வரை நடக்க முடியாது. நடந்தாலும் இந்த மேடு பள்ளத்துக்குள் ஒரு ஆள் போவது சாலையிலிருந்து தெரியாது.

சாலையிலிருந்து தெரிகிறது ஒன்றே ஒன்றுதான். பெரிய மேட்டின் முகம்.

வெயில் தாழும் நேரத்தில் தண்ணீர் லாரி வரும். அந்த நேரத்தில் வெளிச்சம் மேட்டின் முகத்தில் பக்கவாட்டில் சாய்ந்து அடிக்கும். உச்சி வெயிலில் ஆயிரம் பேர் நடந்திருந்தாலும் மணலில் ஒன்றும் தெரியாது. ஆனால் சாய்ந்த வெயிலில் ஒரு குருவி நடந்திருந்தால்கூடத் தடத்துக்குத் தடம் நிழல் விழுந்து தெரியும். இதைக் கண்டு பயந்து பயந்துதானே அவள் இத்தனை காலம் துடைப்பமும் கையுமாக அலைந்தாள். இப்போது அந்த முகத்தின் மேல் ஒரு நீளக் கோடு கிழித்தால் லாரிக்காரர் கண்ணில் படலாம். வெளிச்சம் வருவதற்கு முன்னாலேயே அந்தக் கோட்டைக் கிழித்தாக வேண்டும். கிழித்தால் படம் போச்சு. முழங்காலோடு சேர்ந்து எல்லாக் காலத்துக்கும் போச்சு.

காமிரா முக்காலியில் தயாராக நின்றது. கொஞ்ச நேரம் பொறுத்தால் ஆயுள் முழுக்கக் கேட்ட ஒளி அவள் முன்னால் வந்து நிற்கும். பொறுத்தால் லாரி போய்விடும்.

"யோசிச்சியா?" என்று கேட்டேன். என் கையில் சுத்தியல் இருந்தது.

"யோசிச்சேன்."

"உயிர் போற நேரத்துல இதுல யோசிக்க என்னடி, என்னக்கா இருக்கு!" கோபத்தில் அவளை டி போட்டுவிட்டேன்.

 எனக்கு அன்று இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. அந்த மணலையும் என்னையும் ஒரு தராசில் வைத்து இவள் பார்த்திருக்கிறாள், நான் உடனே கனக்கவில்லை. எனக்கு அதுதான் வலித்தது. அப்புறம் நினைத்துப் பார்த்தால், அவள் எழுந்தது என்னவோ என் பக்கம்தான்.

காமிராவைக் கழற்றி முதுகில் போட்டுக்கொண்டு, முக்காலியின் கால்களை விரித்துத் தரையில் இழுத்தபடி, அவள் அந்த முகத்தில் கால் வைத்தாள். முதல் அடி வைக்கத்தான் உடம்பு கூசியதாம். பிறகு நேரே ஏற முடியாது என்பதால் குறுக்கே சாய்வாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்தைப் பார்த்து நடந்தாள். கால்களைத் தூக்கி வைக்காமல் உழுதுகொண்டே போனாள். ஒரு அடி ஏறினால் பாதி அடி சறுக்கும். உட்காருவாள், எழுவாள். முக்காலி மணலை வாரிக்கொண்டு பின்னால் வந்தது.

பாதி வழியில் ஒரு உறுமல் கேட்டது. லாரி வந்துவிட்டது, நான் இன்னும் பாதியில் இருக்கிறேன் என்று பதறித் திரும்பினாள். சாலை காலியாக இருந்தது. உறுமல் நிற்கவில்லை. அடிவயிற்றில் கேட்டது, பல்லில் கேட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அது காலுக்குக் கீழே இருந்து வருகிறது. அவள் தள்ளிவிட்ட மணல் சரிந்து சரிந்து இறங்க, மேடே உறுமிக்கொண்டிருந்தது. மலையளவு மணல் மொத்தமும் ஒரே குரலில். அவள் அசையாமல் நின்றாள். சரிவு நின்றதும் குரல் மெல்ல அடங்கியது. அவள் வேண்டுமென்றே இன்னொரு காலை வைத்து மணலைத் தள்ளினாள். மறுபடி உறுமியது.

"எனக்குப் பதில் சொல்லுச்சுடி" என்றாள். தண்ணீர் இல்லாமல் நாக்கு தடித்துப்போன நிலையில், உட்கார்ந்து மணலோடு பேச்சுவார்த்தை நடத்தியிருக்கிறாள். இவளை என்ன செய்வது?

முடிந்த மட்டும் போய், இனி முடியாது என்ற இடத்தில் திரும்பி உட்கார்ந்தாள். அப்போது ஒளி வந்தது.

இந்த இடத்தைச் சொல்லும்போது அவள் எப்போதும் நிறுத்தி நிறுத்தித்தான் சொல்வாள். கீழே நிழல் ஊறிக்கொண்டு வந்தது. அந்தச் சின்ன மேடுகள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக எழுந்து நின்று, வானம் தொடங்குகிற இடம் வரை அலை அலையாகப் போயின, கார் மட்டும் எதிலும் தெரியவில்லை. அவள் இழுத்து வந்த கோட்டில் தடத்துக்குத் தடம் கறுப்பு நிழல் நிறைந்தது. அவ்வளவு நேரம் உயிரைக் கொடுத்து நடந்த நடை, மேட்டின் முகத்தில் ஒரு தலைமுடி விழுந்த மாதிரி கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மேடு எவ்வளவு பெரிசு என்பதே அவளுக்குத் தெரிந்தது. பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தபோது தெரியவில்லை, இரண்டு தடவை வந்தபோது தெரியவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்றுமே இல்லாமல் பார்த்ததால் அது அவளுக்கு அழகாக மட்டுமே இருந்திருக்கிறது. காமிராவை எடுத்தாள். லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் நறநறவென்று மணல் அரைபட்டது, நகரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். இதற்குமுன் தான் எதையும் பார்த்ததே இல்லை என்று தோன்றியதாம். செத்துப்போவேன் என்ற பயமும் இருந்தது, அதே சமயம் இதைக் காட்டாமல் சாவு என்னைக் கொண்டுபோகவில்லையே என்ற நன்றியும் இருந்தது என்றாள்.

லாரி வந்தது. சாலையில் ஒரு எறும்பு மாதிரி புழுதியை இழுத்துக்கொண்டு வந்தது. அவள் கையை ஆட்டினாள், கத்தினாள். லாரி அதே வேகத்தில் மேட்டைக் கடந்து போனது. போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

நின்றது நின்றபடியே இருந்தது. டயர் மாற்றுகிறாரோ, ஒன்றுக்குப் போகிறாரோ, ஒன்றும் தெரியவில்லை. அக்கா மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் கழித்து லாரி சாலையை விட்டு இறங்கி, அவளைப் பார்த்துத் தலையைத் திருப்பியது.

கெட்டித் தரை இருக்கிற வரை வண்டியில் வந்து, அதற்குப் பிறகு அவர் நடந்தே வந்தார். அக்கா உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு இறங்கினாள், மேடு உறுமி உறுமி அவளை வழியனுப்பியது. தண்ணீர் லாரி முகாமில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற வண்டி. டிரைவர் தன் பாட்டிலை நீட்டினார்.

"மெதுவாக் குடிங்கம்மா. இன்னும் இருக்கு, மெதுவா."

இங்கே வீட்டில், இருட்டத் தொடங்கியதிலிருந்து நான் அவள் போனுக்கு அடித்துக்கொண்டிருந்தேன். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. "சிக்னல் இருக்காது" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். மணி அடிக்கிறதே, சிக்னல் எப்படி இல்லாமல் போகும் என்று அவர் மேல் பாய்ந்தேன். அவர் வேன் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. இந்த மனுஷருக்கும் பயம் வந்துவிட்டது! அப்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"சாப்பிட்டியா?" என்றாள் அக்கா.

நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பெட்ரோல் பங்க் பெண்ணும் லாரிக்காரரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

மறுநாள் அவர்களே போய் காரைக் கண்டுபிடித்தார்கள். அவள் தேடித் திரிந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரே ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. அக்கா படம் இல்லாமல் வந்தாள். காமிராவைப் பிரித்தபோது மேஜை மேல் ஒரு கரண்டி மணல் கொட்டியது. அவள் அதைக் கூட்டித் தள்ளக்கூட இல்லை.

அந்தப் பக்கம் இருந்து ஒரே ஒரு படம்தான் வந்தது. லாரிக்காரர் தன் போனில் எடுத்து அனுப்பியது. சாலையை விட்டு இறங்கினால் பள்ளத்தில் கோட்டின் இடம் தவறிவிடும் என்று அடையாளத்துக்காக எடுத்து வைத்தாராம். வண்டித் தலையை மேட்டுப் பக்கம் திருப்பியதும் முன்கண்ணாடி வழியாக எடுத்திருக்கிறார், ஓரத்தில் கண்ணாடியைத் துடைக்கிற கம்பியும் விழுந்திருக்கிறது. நடுவே மேடு, உச்சி எரிய, முகத்தில் சாய்வாக ஒரு மெல்லிய கோடு.

"இதப் பெருசா அடிச்சுக் குடு" என்றாள் அக்கா.

"உடையும்க்கா. போன்ல எடுத்தது. பெருசு பண்ணினா புள்ளி புள்ளியா வரும்."

"வரட்டும்."

அடித்தேன். உடைந்துதான் வந்தது. கடை முன்னால் மாட்டியிருக்கிறோம். உள்ளே வருகிறவர்கள் மற்றப் படங்களைப் பார்த்துவிட்டுப் போனை எடுக்கிற மாதிரி இதைப் பார்த்துவிட்டு எடுப்பதில்லை. கிட்டே போய் நிற்கிறார்கள். "அது என்ன கோடு?" என்கிறார்கள். சொன்னால், "அம்மாடி, அவ்வளவு பெருசா!" என்கிறார்கள். நானும் ஒரு நாள் கடைக்கு யாரும் வராத நேரத்தில் உருப்பெருக்கியை எடுத்து வைத்துக்கொண்டு அந்தக் கோட்டின் மேலேயே போனேன். முனையில் அக்கா உட்கார்ந்திருக்க வேண்டும். கையை ஆட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். சட்டத்திலிருந்து கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மூலப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு முடிந்த மட்டும் விரித்துப் பார்த்தேன். கோடு போகிறது, போகிறது, ஓர் இடத்தில் நிற்கிறது. அதற்கு மேல் மணல்தான். அந்த மேட்டுக்கு முன்னால் என் அக்கா ஒரு புள்ளியாகக்கூட விழவில்லை.

 அக்காவிடம் எண்ணை வாங்கி லாரிக்காரருக்கே போன் போட்டேன்.

"அண்ணே, நீங்க அனுப்பின படத்துல எங்க அக்காவே தெரியலயே. நேர்ல பாத்தப்ப தெரிஞ்சாங்களா?"

"இல்லம்மா. ஆள் யாரும் தெரியல. வெறும் கோடுதான்."

"அப்புறம் எத நம்பி அவ்வளவு தூரம் எறங்கி வந்தீங்க?"

 இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போல.

"முந்தின நாள் போறப்ப இல்லாத கோடும்மா அது. யாரோ நடந்திருக்காங்கன்னு தெரியுதுல்ல? வந்த கோடு இருக்கு, திரும்பிப் போன கோடு இல்ல. பாத்துட்டு எப்படிம்மா அப்படியே போறது?"

 போனை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டேன்.